மெத்தையைத் தராசில் வையுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், முதுகு வலியோடு படுக்கும் உம்மா வாப்பாவைப் பராமரிப்பவர்கள், தளபாடக் கடை வைத்திருப்பவர்கள் மூன்று தரப்பாரும் கடைசி வரை வாசியுங்கள். அதற்குப் பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள்.

சொல்ல வருவது இதுதான். எங்கள் பகுதியில் 'லேடெக்ஸ்' என்று சொல்லி லேடெக்ஸ் அல்லாத மெத்தையும் விற்கப்படுகிறது. அதை நாம் 'வியாபாரத் தந்திரம்' என்கிறோம். மிளகாய்த் தூளில் செங்கல் தூளைக் கலந்தால் தந்திரம் என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம், கலப்படம் என்போம். மிளகாய்த் தூள் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். மெத்தையில் பத்து வருடம் படுக்க வேண்டும். அதற்கும் அதே பெயர்தான் பொருந்தும்.

முதலில் லேடெக்ஸ் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். அது தெரியாததுதான் எங்களை ஏமாற்ற வசதியாக இருக்கிறது.

லேடெக்ஸ் என்பது இறப்பர் பால். 1876ல் ஆசியாவுக்கு வந்த இறப்பர் கன்றுகள் நடப்பட்டது எங்கள் நாட்டில், கம்பஹாவில் இருக்கும் ஹெனரத்கொட பூங்காவில்தான். இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் விடியற்காலையில் மரத்தைச் சீவி, சிரட்டையில் ஏந்தி எடுக்கிறார்கள். 1952ல் அந்த இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி வாங்கித்தான் இந்த நாடு சாப்பிட்டது. அந்தப் பாலில் அமோனியா சேர்த்துப் பழுதாகாமல் வைத்து, சுழற்றிச் செறிவாக்கி, நுரை வரும்வரை அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைத்து எடுப்பதுதான் லேடெக்ஸ் மெத்தை. 1929ல் இங்கிலாந்தில் டன்லொப் கம்பனியில் கண்டுபிடிக்கப்பட்ட முறை இது. இலங்கையில் செய்த லேடெக்ஸ் மெத்தை கப்பலேறி வெளிநாடு போகிறது. அங்கே இருப்பவர் ஒப்புக்கொண்ட தரத்தில் வாங்கிப் படுக்கிறார். மரம் நிற்கும் நாட்டில் இருக்கும் எங்களுக்கு, பெயரை மட்டும் ஒட்டிய ஸ்பொஞ்ச்.

ஸ்பொஞ்ச் என்று நாம் சொல்வது பொலியூரித்தேன். எண்ணெயிலிருந்து வரும் இரசாயனத்தில் செய்வது. அது கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. நல்ல அடர்த்தியான பொலியூரித்தேன் மெத்தை வாங்கி, அதற்குரிய விலையைக் கொடுத்து, சந்தோசமாகப் படுக்கலாம். ஏழைக்கு அது போதும். ஸ்பொஞ்ச் விற்பது குற்றமல்ல. ஸ்பொஞ்சை லேடெக்ஸ் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

எப்படியெல்லாம் நடக்கிறது?

ஒன்று, மேலே ஒரு அங்குலம் லேடெக்ஸ், கீழே ஐந்து ஆறு அங்குலம் ஸ்பொஞ்ச். கேட்டால், "லேடெக்ஸ் இருக்குத்தானே" என்பார்கள். இருக்கிறதுதான். தேத்தண்ணியில் சீனி இருக்கிறது என்பதற்காக அதைச் சீனி என்று விற்க முடியுமா?

இரண்டு, வெட்டுத் துண்டுகளை அரைத்து ஒட்டிய ஸ்பொஞ்ச். பல நிறப் பொட்டுகளாக இருக்கும். பாரமாகவும் இருக்கும். அமர்த்திப் பார்த்தால் 'ஸ்ட்ரோங்' என்று தோன்றும்.

மூன்று, தும்பு மெத்தை. தென்னந்தும்பில் இறப்பர் பாலைத் தெளித்துச் செய்வது. நல்ல பொருள்தான், ஆனால் வேறு பொருள்.

நான்கு, செயற்கை லேடெக்ஸ் கலந்தது, அல்லது சுண்ணாம்புத் தூள், களிமண் தூள் போன்றவற்றைக் கூடுதலாகக் கலந்து பாரமாக்கியது. இது லேடெக்ஸ் போலவே இருக்கும், விரைவில் உதிரத் தொடங்கும்.

இதையெல்லாம் சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகளுக்கு அடர்த்தி படிப்பிக்கிறோமே, திணிவைக் கனவளவால் வகுக்கச் சொல்லி, அது பரீட்சைக்கு மட்டுமல்ல. மெத்தையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் எடுங்கள். தடிப்பையும் அடியாக்குங்கள்; 6 அங்குலம் என்றால் அரை அடி. மூன்றையும் பெருக்குங்கள். வருவது கன அடி. டன்லொப் முறையில் செய்த லேடெக்ஸ் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 2 கிலோ நிற்கும். வழமையான ஸ்பொஞ்ச் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் நிற்கும்.

கணக்கைப் போடுங்கள். 6 அடி நீளம், 5 அடி அகலம், 6 அங்குலத் தடிப்பு: 15 கன அடி. லேடெக்ஸ் என்றால் 30 கிலோவுக்குக் கிட்ட வர வேண்டும். மென்மையானது என்றால் இரண்டு மூன்று கிலோ குறையலாம். ஸ்பொஞ்ச் என்றால் 15ஐத் தாண்டாது. பிள்ளைகளின் கட்டிலுக்கு 6 அடிக்கு 3 அடி, 4 அங்குலம் என்றால் 6 கன அடி. 12 கிலோ வர வேண்டும்.

இது நெல் விளையும் பகுதி. நெல் மூடை நிறுக்கும் தராசு இல்லாத தெரு உண்டா? மூடையைத் தராசில் வைக்காமல் ஒரு கிலோ நெல் கூட விற்க மாட்டோம். ஆனால் மெத்தையைக் கையால் அமர்த்திப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுக்கிறோம்.

நிறை மட்டும் போதாது. ஒட்டிய ஸ்பொஞ்சும் தூள் கலந்ததும் பாரமாக இருக்கும் என்று சொன்னேன். ஆகவே உறையின் ஸிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். முழு லேடெக்ஸ் என்றால் அச்சில் இருந்த ஊசிகளின் துளைகள் வரிசையாகத் தெரியும், ஓரத்தில் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே பொருளாக இருக்கும். இரண்டு நிறம், ஒட்டிய கோடு, பல நிறத் துண்டு தெரிந்தால் விளங்கிக்கொள்ளுங்கள். ஸிப்பே இல்லாமல் முழுதாகத் தைத்து மூடியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறாரா? உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. லைட்டரால் எரித்துப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். ஸ்பொஞ்சின் புகை நஞ்சு.

இனி, இந்த ஏமாற்றுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் கிழக்கில் பெண் வீட்டார்தான் வீடு கொடுக்க வேண்டும், வீட்டுக்குள் சாமானும் போட வேண்டும். மார்க்கம் மாப்பிள்ளையை மஹர் கொடுக்கச் சொல்கிறது. நாம் தலைகீழாக்கி, பெண்ணின் வாப்பாவைக் கடன்காரனாக்கியிருக்கிறோம். அந்தச் சாமான் பட்டியலில் மெத்தைக்கு இப்போது தனி இடம். முன்பு 'கட்டில் மெத்தை' என்று ஒரே சொல்லாக இருந்தது. இப்போது 'லேடெக்ஸா? எத்தனை இஞ்சி?' என்று கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் வந்து பெட்சீட்டை உயர்த்திப் பார்க்கிறார்கள். 6 அங்குலம் போதுமான இடத்தில் 8, 8 போதும் என்றால் 10. தடிப்பைக் கொண்டு மரியாதையை அளக்கும் கூட்டத்துக்குத் தடிப்பான ஸ்பொஞ்சை விற்பது எவ்வளவு இலகு!

எங்கள் தெருவில் ஒரு வாப்பா மீன் வியாபாரம் செய்பவர். மூத்த மகளுக்குத் தவணைக் கட்டணத்தில் 8 அங்குல 'லேடெக்ஸ்' மெத்தை எடுத்துக் கொடுத்தார். ஏழு மாதத்தில் நடுவில் பள்ளம். உறையைப் பிரித்துப் பார்த்தால் மேலே ஒரு அங்குலம் லேடெக்ஸ், மீதி ஏழும் ஸ்பொஞ்ச். கடையில் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: "விற்ற சாமான் திருப்பி எடுக்கிறதில்ல." மெத்தை பழுதாகிவிட்டது, தவணை இன்னும் முடியவில்லை. அந்த மனிதர் விடியச் சாமம் மூன்று மணிக்குக் கடற்கரைக்குப் போகிறவர். அவர் படுப்பது பன்பாயில்.

விற்ற சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று எழுதி மாட்டியிருக்கும் முதலாளிமாருக்கு ஒரு கேள்வி. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். கியாருல் ஐப் என்று மத்ரஸாவில் ஓதிய பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். உங்கள் சுவரில் இருக்கும் அறிவிப்பு அந்தச் சட்டத்தை விடப் பெரியதா? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கேட்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது. மேலே லேடெக்ஸ், அடியில் ஸ்பொஞ்ச். இதில் என்ன வித்தியாசம் என்று யாராவது விளக்குங்கள்.

அடுத்தது, யாரும் பேசாத ஒரு விசயம். மெத்தையை வாங்கும் முன் அதில் படுத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடமாவது, நேராகவும் பக்கவாட்டிலும். பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பும் அளவாகப் பதிந்து முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். இடுப்பு குழிக்குள் போனால் மெத்தை மென்மை கூடியது. தோள் நோகுமென்றால் கடினம் கூடியது. எங்கள் பெண்கள் கடையில் நாலு ஆண்கள் பார்க்க எப்படிப் படுத்துப் பார்ப்பார்கள்? ஆகவே வாப்பாவோ நானாவோ போய்க் கையால் அமர்த்திப் பார்த்து வாங்கி வருகிறார்கள். படுக்கப் போகிறவர் ஒருவர், தெரிவு செய்கிறவர் இன்னொருவர். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், முதுகு வலிக்கும் உம்மாவுக்கும் எது சரி என்று கை எப்படிச் சொல்லும்? கடை மூலையில் ஒரு திரையைப் போட்டு, ஒரு பெண் ஊழியரை நிறுத்தி, பெண்கள் படுத்துப் பார்க்க இடம் கொடுக்க எவ்வளவு செலவாகும்? புடவைக் கடையில் உடுத்திப் பார்க்க அறை இருக்கிறது. மெத்தைக் கடையில் ஏன் இல்லை?

'ஓர்த்தோபீடிக்' என்ற சொல்லையும் நம்பி வாங்காதீர்கள். யாரும் எந்த மெத்தையிலும் அச்சடித்து ஒட்டக்கூடிய சொல் அது. முதுகு வலிக்குப் பலகை போல இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. ஸ்பெயினில் நாட்பட்ட முதுகு வலி உள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003ல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களை விட, நடுத்தரக் கடினமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. உடம்பு பாரமானவர்கள் கொஞ்சம் கடினமானதைப் பாருங்கள், மெலிந்தவர்கள் கொஞ்சம் மென்மையானதைப் பாருங்கள். கைக்குழந்தையை மட்டும் இந்த மென்மையான மெத்தையில் தலையணைகளுக்கு நடுவே போடாதீர்கள். முகம் புதைந்தால் மூச்சு முட்டும். குழந்தைக்குத் தட்டையான, உறுதியான படுக்கைதான் பாதுகாப்பு. இறப்பர் கையுறை போட்டால் தடித்து வீங்குகிறவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் லேடெக்ஸ் வாங்க வேண்டாம்.

இவ்வளவும் கடைக்காரருக்கு. இனி வீட்டாருக்கு. உண்மையான லேடெக்ஸை வாங்கிவந்து நாமே கொல்வதும் நடக்கிறது. அந்தப் பழியையும் கடைக்காரர் தலையில் போடுவது நியாயமல்ல.

வெயில். உம்மம்மா காலத்துப் பஞ்சு மெத்தையையும் தும்பு மெத்தையையும் வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது நல்ல பழக்கம். லேடெக்ஸுக்கு அது நஞ்சு. வெயில் பட்ட இறப்பர் மஞ்சளித்து, காய்ந்து, தூளாக உதிரும். றப்பர் பாண்டை வெயிலில் போட்டு ஒரு கிழமைக்குப் பிறகு இழுத்துப் பாருங்கள், விளங்கும். நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தினால் போதும். யன்னல் வழியே தினமும் வெயில் விழும் இடத்தில் கட்டிலைப் போடாதீர்கள்.

எண்ணெய். தைலம் தேய்த்துக்கொண்டு வெறும் மெத்தையில் படுத்தால் எண்ணெய் ஊறி இறப்பர் வீங்கிப் பழுதாகும். மூட்டைப்பூச்சிக்கு மண்ணெண்ணெய் தெளிக்கிறவர்கள் மெத்தையை அறைக்கு வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் பட்ட இடம் அவ்வளவுதான். பூச்சி இருப்பது பெரும்பாலும் உறையின் தையலிலும் கட்டில் பொருத்துகளிலும்தான். உறையைக் கொதிநீரில் அவியுங்கள், கட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பூஞ்சணம். எங்கள் பிரதேசத்தில், அதுவும் மாரி காலத்தில், இதுதான் பெரிய தொல்லை. இடைவெளி இல்லாத பிளைவுட் பலகையில் மெத்தையைப் போட்டால் வியர்வை ஈரம் கீழே தங்கி, அடிப்பக்கம் பங்கசு பிடித்துக் கறுக்கும். கட்டிலுக்குச் சட்டங்கள் வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் இரண்டரை அங்குல இடைவெளி போதும். அதைவிடக் கூடினால் மெத்தை இடைவெளிக்குள் இறங்கும். கிழமைக்கு ஒருமுறை மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து, இரண்டு மணித்தியாலம் ஃபேனைப் போட்டு விடுங்கள்.

சூடு. "லேடெக்ஸ் குளிர் என்றார்கள், எனக்கு வேர்க்கிறதே" என்பவர்கள் உறையைப் பாருங்கள். கடையில் போட்ட பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் அதன் மேல் பெட்சீட் விரித்திருப்பீர்கள். அல்லது றெக்சின் உறையாக இருக்கும். காற்றுப் போக வழியில்லாத மெத்தை எதுவானாலும் வேர்க்கும். பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பருத்தி உறை போடுங்கள். சிறுபிள்ளை மூத்திரம் போகும் என்றால், துணி போன்ற நீர்புகா விரிப்பு கிடைக்கிறது, அதை மேலே போடுங்கள்.

ஈரம். ஏதாவது ஊற்றுப்பட்டால் துணியால் ஒற்றி எடுத்து, சவர்க்கார நீர் நனைத்த துணியால் துடைத்து, ஃபேனில் காய விடுங்கள். கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசாதீர்கள். தண்ணீர் குடித்த லேடெக்ஸின் பாரத்தில் தூக்கும்போதே கிழியும்.

வாசம். புது லேடெக்ஸில் இறப்பர் மணம் ஒன்றிரண்டு கிழமைக்கு இருக்கும். காற்றோட்டத்தில் போகும். அதற்குப் பயந்து அத்தர் தெளிக்க வேண்டியதில்லை.

பள்ளம். பள்ளம் விழுந்தால் உடனே கடைக்கு ஓடுவதற்கு முன் கட்டிலைப் பாருங்கள். நடுச்சட்டம் வளைந்திருக்கலாம், நடுக்கால் இல்லாமல் இருக்கலாம். மெத்தையைச் சமமான நிலத்தில் போட்டு, இரு விளிம்புக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அடிமட்டத்தால் அளவுங்கள். நிலத்தில் பள்ளம் இல்லையென்றால் பிழை கட்டிலில். நிலத்திலும் இருந்தால் பிழை மெத்தையில். படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். வொரன்டி அட்டையில் எத்தனை அங்குலம் இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கும். வாங்கும் நாளிலேயே அதை வாசியுங்கள். பிழையில்லாத மெத்தையையும் முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கடைக்காரர் கையை விரித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொய்யான தகவல் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்து மூலம் முறைப்பாடு செய்வதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். அதற்குப் பில் வேண்டும். 'மெத்தை 1' என்று எழுதிய பில் உதவாது. 'முழு லேடெக்ஸ், இத்தனை அங்குலம், இத்தனை கிலோ' என்று எழுதிய பில் வேண்டும்.

இப்போது வரப்போகும் பதில் எனக்குத் தெரியும். "நம்மட ஆக்களின் வியாபாரத்தை நாமே கெடுக்கலாமா சேர்? அளுத்கமயில் எரித்தார்கள், திகனயில் எரித்தார்கள், 2019க்குப் பிறகு எங்கள் கடைகளுக்குப் போகாதே என்றார்கள். இப்போது நீங்களுமா?"

அந்த நாட்களின் வலி எனக்கும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பகிஷ்கரிப்புக்கு மத்தியிலும் எங்கள் கடைகளுக்கு வந்த சிங்கள, தமிழ்ச் சகோதரர்கள் ஏன் வந்தார்கள்? "அந்த நானாட கடையில பொய் இல்ல" என்ற ஒரே நம்பிக்கையில் வந்தார்கள். அதுதான் எங்கள் முதல். கடையை எரித்தால் திரும்பக் கட்டலாம், கட்டினோம். அந்த நம்பிக்கை எரிந்தால் எந்த நட்டஈடும் அதைக் கட்டாது. நேர்மையாக விற்கும் முதலாளிமார் எங்கள் பகுதியிலும் இருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் 'லேடெக்ஸ்' பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று சொல்லி வாடிக்கையாளர் எழுந்து போகும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்றில் கடையை மூட வேண்டும், அல்லது அவர்களும் பொய் சொல்லப் பழக வேண்டும். நாம் மூடி மறைப்பது ஏமாற்றுகிறவரைக் காப்பாற்றி, நேர்மையானவரைக் கொல்கிறது. அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டிக்க குர்ஆனில் ஒரு தனி சூராவே இருக்கிறது. அதில் 'நம்மட ஆக்கள்' என்று யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

"சனம் மலிவாகக் கேட்குது, நாங்க என்ன செய்ய?" என்பது இரண்டாவது பதில். மலிவாகக் கேட்பவருக்கு மலிவானதைக் கொடுங்கள், பெயரைச் சொல்லிக் கொடுங்கள். "இது ஸ்பொஞ்ச், நாலைந்து வருடம் வரும், இதன் விலை இவ்வளவு" என்று சொன்னால் வாங்க மாட்டாரா? வாங்குவார். லேடெக்ஸ் விலை மட்டும் கிடைக்காது.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

வர்த்தக சங்கத்துக்கு: ஒவ்வொரு மெத்தையிலும் உள்ளே இருக்கும் பொருள், ஒவ்வொரு அடுக்கின் தடிப்பு, மொத்த நிறை மூன்றையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கடையில் ஒரு தராசு வையுங்கள். பெண்களுக்கு ஒரு திரை போடுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கு: குத்பாவில் வட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. கலப்படத்தைப் பற்றியும், பெண் வீட்டாரிடம் சாமான் பட்டியல் கேட்பதைப் பற்றியும் பெயர் சொல்லிப் பேசுங்கள். மெத்தை என்ற சொல் மிம்பரில் வந்தால் மிம்பர் குறைந்துவிடாது. நபி (ஸல்) அவர்களின் படுக்கை பேரீச்ச நார் அடைத்த தோல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு: நல்ல மெத்தையில் படுக்க விருப்பமா? உழைத்து வாங்குங்கள். பெண்ணின் வாப்பா கடன் பட்டு வாங்கிய மெத்தையில் எத்தனை அங்குலம் என்று எண்ணாதீர்கள்.

இந்தக் கிழமை யாராவது மெத்தை வாங்கப் போகிறீர்கள் என்றால் அளவு நாடாவைக் கொண்டு போங்கள். நீளம், அகலம், தடிப்பைப் பெருக்கி, வருவதை இரண்டால் பெருக்குங்கள். தராசில் வைக்கச் சொல்லுங்கள். வைக்க மறுக்கும் கடையில் காசைக் கொடுக்காமல் ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பத்துப் பேர் அப்படி வெளியே வந்தால், பதினோராவது ஆள் போகும்போது அந்தக் கடையில் தராசு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டு மெத்தையின் அளவையும் நிறையையும் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள், கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். கடைகளின் பெயர் போட வேண்டாம். ஆளை அவமானப்படுத்துவது நோக்கமல்ல, வழக்கத்தை மாற்றுவதுதான் நோக்கம். பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள், குறிப்பாகக் கல்யாண வீட்டாருக்கு.

வஸ்ஸலாம்.